மணிக்கு ஒருக்கா

வாங்க வாங்க. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. ஒரு கால் ஆடும், சுவத்துல சாஞ்சுக்குங்க, விழமாட்டீங்க. என்னங்க போனுக்கு? மெயிலா? வரலீங்களா? ஓ, வருதுங்களா. வந்துட்டே இருக்குதுங்களா. அதக் குறைக்கணுங்களா.

குடுங்க பாப்போம். ரோஸ் கலர் கவரு, பின்னாடி பூவு. சம்சாரத்து போனுங்களா? ஏனுங்க, அதுக்குப் போயி குரலத் தாழ்த்தறீங்க? இங்க நாம ரெண்டு பேருதான. ஸ்கிரீன் மாத்தித் தாரேன்னு சொல்லி வாங்கிட்டு வந்தீங்களா? அதுவுஞ் செரிதான். வெசனப்படாதீங்க. இந்தத் தாராபுரத்துல இந்த வேலைய என்னைய மாதிரி சுத்தமாப் பண்றவன் ஒருத்தன் கெடையாது. போன் வச்சிருக்கறவங்களுக்கே தெரியாது.

கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து போனப் பிடிச்சுக்கறீங்களா? எனக்கு எடது கை வராதுங்க. மடியில கெடக்குது பாருங்க, அது சும்மா கெடக்கறதுதான். காலும் அந்தப் பக்கம் இழுக்கும். வலது கையில எல்லாம் பண்ணிப் போடுவேன், பிடிக்கத்தான் ஒரு ஆளு வேணும். ஆமாங்க, பக்கவாதம். அதச் சொல்றேன். மொதல்ல மணி என்னங்க ஆச்சு? பத்தரையா. செரி, இன்னும் அரை மணி நேரம் கெடக்குது. எனக்குக் கடைக்குப் பின்னாடி நம்மூட்டுப் பாத்ரூமுக்குப் போகோணும், என்ற சம்சாரம் வந்துதான் கூட்டிட்டுப் போகோணும். அவ மணிக்கு ஒருக்கா வருவா. அது வரைக்கும் அடக்கிக்குவேன், பழக்கந்தான்.

இங்க பாருங்க. இது என்ன கேக்குது? மெயில் வந்திருக்குதான்னு எத்தன நேரத்துக்கு ஒருக்கா போயிப் பாக்கோணும்னு கேக்குது. வந்ததும் சத்தம் குடுக்கறது ஒண்ணு. பதினஞ்சு நிமிஷம், அரை மணி, ஒரு மணி, அப்பறம் நாமளா இழுத்தாத்தான்னு கடைசியா ஒண்ணு. அவ்வளவுதான். பத்து நிமிஷம்னு வைக்கறேன், அஞ்சு நிமிஷம்னு வைக்கறேன்னா முடியாது. பதினஞ்சுக்குக் கீழ போன் கம்பெனிக்காரனே விடமாட்டான். நெம்பப் படிச்சவங்க செஞ்சது இது, அவங்களே ஒரு அளவு வச்சிருக்கறாங்க. சும்மா சும்மா எட்டிப் பாத்துட்டே இருந்தா பேட்டரி தாங்காதுன்னு. பேட்டரிக்கே ஒரு அளவு வேணும்னா குடும்பத்துக்கு வேண்டாமுங்களா? இதத்தான் நான் என்ற மச்சாங்கிட்டயும் கேட்டேன். கம்பெனிக்காரன் அளவு வச்சாச் செரி, கட்டுன புருசன் வச்சாத் தப்பான்னேன்.

என்ற சம்சாரம் பேரு கோகிலவாணி. எல்லாரும் கோகிலாம்பாங்க, நான் அம்மிணிம்பேன். எம்.ஏ. தமிழ். நான் டிப்ளமா, அதுல ஒரு பேப்பர் போச்சு, அத விடுங்க. எங்களுக்குப் புள்ளகுட்டி தங்கல. பகல் பூரா ஊட்டுல ஒக்காந்து சுவத்தப் பாத்துட்டு இருந்தா. நான்தானுங்க சொன்னேன், என்னமோ ஒரு வேலையப் பண்ணு அம்மிணின்னு. நானேதான் சொன்னேன். அத மட்டும் இந்த ஊருல எவனும் சொல்றதில்ல.

மெட்ராசுல ஒரு கம்பெனி. ஆளுங்க பேசுனத ரெக்கார்டு பண்ணி அனுப்புவாங்க. அதக் காதுல மாட்டிக் கேட்டு, ஒரு எழுத்து விடாம டைப் அடிச்சுத் திருப்பி அனுப்போணும். ஆசுபத்திரியில பேசுனது, பஞ்சாயத்துக் கூட்டத்துல பேசுனது, எதுவேணா வரும். அதுல வேல குடுக்கற விதம் ஒரு தினுசுங்க. ஒரு வேல வந்துதுன்னா அங்க பேரு குடுத்திருக்கற பொம்பளைங்க அத்தன பேருக்கும் ஒரே நேரத்துல மெயில் போகும். எவ மொதல்ல 'நான் எடுத்துக்கறேன்'னு பதில் போடறாளோ, வேல அவளுக்கு. ரெண்டாவது போட்டவளுக்கு ஒண்ணுங் கெடையாது. கோழிக்குத் தானியம் எறைச்ச மாதிரித்தான். வாட்ஸப்புல அனுப்பலாமேன்னு நானுங் கேட்டேன். அங்க இருக்கற மேடம் மெயில்லதான் அனுப்புவாளாமா.

மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. அப்பறம் பாத்தா, மெயில் வந்தா டிங்குன்னு ஒரு சத்தம் வருமில்லீங்களா, அது வந்தாப் போதும், இவ கையில இருக்கறதப் போட்டுட்டு ஓடுவா. ஒரு நாள் நான் தோசை தின்னுட்டு இருக்கறேன். கல்லுல அடுத்தது வேகுது. எனக்குத் தோசை முறுகலா வேணும், தட்டுல விழுந்ததும் திங்கோணும். டிங். தோசைத் திருப்பிய அப்படியே வச்சுட்டு ஓடிட்டா. நான் காலித் தட்ட வச்சுட்டு ஒக்காந்திருக்கறேன், தோசை கருகுது, அங்க இவ ரெண்டு கட்டைவிரல்லயும் போன்ல அடிச்சுட்டு நிக்கறா. முடிச்சுட்டுத் திரும்பி என்னையப் பாத்துச் சிரிச்சா. 'கெடச்சிருச்சுங்க'ன்னா. அந்த மொகத்த நான் கல்யாணத்தன்னைக்குக் கூடப் பாக்கலீங்க.

நான் கோவக்காரன் இல்ல. எங்க சந்துல கேட்டுப் பாருங்க, குழந்தைவேலு பொண்டாட்டி மேல கை வச்சான்னு எவனாச்சும் சொல்லட்டும். போனச் சுவத்துல அடிக்கறவன் இருக்கறான், பெல்ட்ட உருவறவன் இருக்கறான். ஒடஞ்ச போன் எல்லாம் இங்கதான வருது, எனக்குத் தெரியாதா? நான் ஒரு சத்தம் போடல. கருகுன தோசையத் தின்னுட்டுக் கடையத் தொறந்துட்டேன்.

அந்த வாரம் என்ற பெரியப்பன் பேத்திக்குக் காதுகுத்து. பந்தியில ஒக்காந்திருக்கறேன், ஒரு ஆளு வந்து என்னைய உத்துப் பாத்துட்டு, 'நீங்க கோகிலா ஊட்டுக்காரருங்களா?'ங்கறான். கடை வச்சு இத்தன வருசமா செல்போன் குழந்தைவேலும்பாங்க. இப்ப கோகிலா ஊட்டுக்காரனாமா. நான் சிரிச்சுட்டேன். அதெல்லாம் மனசுல வைக்கறவன் இல்ல நான். சும்மா ஞாபகத்துக்கு வந்துது, சொன்னேன். அன்னைக்குச் சாயங்காலம் ஊட்டுக்கு வந்து, ஸ்கிரீனுக்குப் புது கண்ணாடி ஒட்டித் தாரேன் போனக் குடு அம்மிணின்னேன். உங்கள மாதிரித்தான். குடுத்தா. அப்பெல்லாம் நான் எதக் கேட்டாலும் குடுப்பா. பதினஞ்சு நிமிஷம்னு வச்சேன்.

சொல்றேன் கேளுங்க, பதினஞ்சுல ஒண்ணும் ஆகாது. நீங்க பதினஞ்சு போதும்னு நெனைச்சா இப்பவே போனத் திருப்பிக் குடுத்தர்றேன். அவ கை அந்த வேகம். பதினஞ்சு நிமிஷம் பின்னாடி போயும் பாதி வேலைய அவளே எடுத்துட்டு இருந்தா. அப்பறம் அரை மணின்னு வச்சேன். அப்பறம் ஒரு மணி. அதோட வேல கெடைக்கறது நின்னுச்சு.

மெயில் வந்த நேரத்தப் பாத்துட்டாளுங்க அவ. கெட்டிக்காரிதான். 'ஏனுங்க, மெயில் பத்து மணிக்கே வந்திருக்குது, எனக்குப் பதினொண்ணுக்குத்தான் சத்தம் குடுக்குது, போன்ல ஏதாச்சுங் கோளாறுங்களா?'ன்னு வந்து நின்னா. போன் கோளாறுன்னா ஊரே எங்கிட்டத்தான வருது, அவ வேற எங்க போவா? வாங்கிப் பாத்தேன். கண்ணுல லென்ஸ மாட்டிட்டு, பின்பக்கத்தத் தொறந்தே பாத்தேன். கோளாறு இல்ல அம்மிணி, நம்முளுது பழைய சுவரு, கனம், சிக்னல் உள்ள வரமாட்டீங்குது, மொட்ட மாடியில நின்னாக் கெடைக்கும்னேன்.

நின்னாளுங்க. சித்திரை மாசம். நம்மூரு வெயிலு உங்களுக்குச் சொல்லோணுமா. சமையல முடிச்சுட்டு மேல போயிருவா. போன உசத்திப் பிடிச்சுட்டு, அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் நடப்பா. எதுத்த ஊட்டு ஜன்னல் கண்ணாடியில அது தெரியும், நான் இங்க ஒக்காந்துட்டே பாப்பேன். மொகமெல்லாம் கறுத்துப் போச்சு. எனக்குப் பாவமாப் போச்சுங்க. அன்னைக்கே போயி ஒரு குடை வாங்கிட்டு வந்து குடுத்தேன். நல்ல குடை, பட்டன அமுக்குனா விரியறது. எத்தன புருசன் குடுப்பான் சொல்லுங்க?

அப்பறம் எவளோ கூட்டாளி சொல்லிக் குடுத்துட்டா, விரல வச்சுக் கீழ இழுத்தா அப்பவே மெயிலப் பாத்துச் சொல்லும்னு. அது உண்மதான். அதுலருந்து இழுத்துட்டே இருந்தா. துணி அலசறப்ப இழுப்பா, சோறு வடிக்கறப்ப இழுப்பா, ஈரக் கையோட இழுப்பா. நான் இந்தா, இந்தப் பொட்டியத் தொறந்து காட்டுனேன். உப்புன பேட்டரிங்க. எடுத்துப் பாருங்க, பணியாரமாட்டம் இருக்குதில்ல? இழுத்துட்டே இருந்தா இப்படித்தான் ஆகும் அம்மிணி, அடுப்புக்கிட்ட வெடிச்சுதுன்னா மொகத்துல அடிக்கும்னேன். இழுக்கறதுக்கும் உப்பறதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. பேட்டரி வயசாயி உப்பறது. ஆனா பயந்துட்டா. போனக் கொண்டு போயி அலமாரியில வச்சுட்டு, தொடாம, அதையே பாத்துட்டு நிப்பா. நாய் சோத்துக்கு நிக்கற மாதிரி. தப்பா நெனைக்காதீங்க, சும்மா சொல்றேன்.

பிடிங்க, நல்லாப் பிடிங்க. உங்க ஊட்டுல என்ன, வெளிநாட்டுப் புள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தாராங்களா? மேல பேரு தெரியுது, படிக்கல. நல்ல வேலதான். நானும் நல்ல வேலைன்னுதான் நெனைச்சேன்.

அப்ப ஒரு சேதி வந்துச்சுங்க. அந்தக் கம்பெனியில ஒரு ஆள நெரந்தரமா எடுக்கறாங்களாமா. மாசச் சம்பளம், ஊட்டுல இருந்தே. மூணு பேரப் பாத்து வச்சிருக்கறாங்க, அதுல இவளும் ஒருத்தி. லேட்டாப் பதில் போட்டாலும் இவ அடிச்சா ஒரு பெசகு இருக்காதுன்னு அந்த மேடத்துக்குத் தெரியும். நாளைக்குக் காலையில மெயில் போடுவேன், மொதல்ல செரின்னு சொல்றவங்களுக்கு வேலைன்னு சொல்லிட்டா. அன்னைக்கு இவ சோறே திங்கல. 'கெடச்சா உள்ரூம்ல எனக்குன்னு ஒரு மேசை போட்டுக்கட்டுங்களா?'ன்னு கேட்டா. போட்டுக்க அம்மிணின்னேன். அவ கேட்டு நான் இல்லைன்னு சொன்னதே கெடையாது.

காலையில குளிச்சு, நல்ல சேல கட்டி, குடையோட மாடிக்குப் போனா. லேப்டாப்புல பாத்திருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. அது என்னமோ அன்னைக்குன்னு பாத்து எங்கிட்ட சர்வீசுல கெடந்துச்சு. அவ மெயில நான் இந்தக் கடைக் கம்ப்யூட்டர்லயும் போட்டு வச்சிருந்தேனுங்க. ஒரு பாதுகாப்புக்குத்தான். தொறந்து வச்சுட்டு, ஒரு சார்ஜர் பின் மாத்திட்டு ஒக்காந்திருந்தேன். மெயில் வந்துச்சு. மேல செருப்புச் சத்தம் கேக்குது. இந்தக் கோடிக்கு நடக்கறா, அந்தக் கோடிக்கு நடக்கறா. கீழ மெயில் கெடக்குது, மேல அவ நடக்கறா. எனக்கே மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. ஒரு டீ சொல்லிக் குடிச்சேன்.

மணி ஆனதும் அவ போன் சத்தம் குடுத்துச்சு. பதில் போட்டா. ஆள் எடுத்தாச்சு, நீங்க எப்பவுமே லேட்டும்மான்னு மேடம் எழுதிட்டா. பின்னாடி தொவைக்கற கல்லு மேல ஒக்காந்து அழுதாளுங்க. அழுதாள்னா அப்படி அழுதா, சேல முந்தானைய வாயில அடைச்சுட்டு. நான் போயிப் பக்கத்துல நின்னேன். தலையத் தடவுனேன். எல்லாருக்கும் எல்லாம் வராது அம்மிணி, உனக்கு அந்த வேகம் பத்தாது, அதுக்கு என்ன பண்றது, நான் இருக்கறேனில்லன்னேன். என்ற கையப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. இந்தக் கையத்தானுங்க, எடது கைய. அன்னைக்கு மாதிரி நாங்க ஒத்துமையா இருந்ததே இல்ல.

அப்பறம் ஊடு எவ்வளவு அமைதி தெரியுங்களா? மாடிக்குப் போறதில்ல. டிங்குன்னு வந்தாலும் திரும்பறதில்ல. தோசை முறுகலா வந்துச்சு. எதக் கேட்டாலும் 'எனக்கு என்ன தெரியுமுங்க, நீங்களே சொல்லுங்க'ம்பா. கத்திரிக்கா வாங்கப் போனாக் கூட, 'எனக்கு வெவரம் பத்தாது, நீங்களும் வாங்க'ம்பா. எம்.ஏ. படிச்சவ. ரோட்டத் தாண்டறதுக்கு என்ற சட்டையப் பிடிச்சுக்குவா. நல்லா இருந்துச்சுங்க அந்தக் காலம்.

எல்லாத்தையும் கெடுத்தது ஒரு வாத்தியாரு. இதே ஸ்டூல்லதான் ஒக்காந்தாரு. எனக்கு மெயில் லேட்டா வருது குழந்தைவேலு, சுவரு கனமாயிருந்தா இப்படி ஆகுமான்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சுவத்துக்கும் இதுக்கும் என்னங்க வாத்தியாரே சம்பந்தம், இங்க பாருங்க, ஒரு மணின்னு வச்சிருக்குது, ஒரு மணின்னு வச்சா மணிக்கு ஒருக்காத்தான் போயிப் பாக்கும், மாடியில நின்னாலும் அவ்வளவுதான், மலை மேல நின்னாலும் அவ்வளவுதான்னு வெளக்குனேன். தொழில் தெரிஞ்சவன், வெளக்காம இருக்க முடியுங்களா? திரும்புனா, இந்தத் திரைக்குப் பக்கத்துல அவ நிக்கறா. வாத்தியாருக்குக் காபி கொண்டாந்திருக்கறா.

காபிய டேபிள்ல வச்சா. ஒரு சொட்டு சிந்தலீங்க. உள்ள போயிட்டா.

மத்தியானம் சோறு போடறப்பக் கேட்டா. 'ஒரு மணின்னா வச்சிருந்தீங்க?' ஆமா அம்மிணி, உன்ற நல்லதுக்குத்தான்னேன். 'மாடியில நின்னப்பவுமா?'ன்னா. ஆமான்னேன். எனக்குப் பொய் சொல்ற பழக்கம் இல்லீங்க. 'செரிங்க'ன்னு சொல்லிட்டு ரசம் ஊத்துனா. அவ்வளவுதான். ஒரு சண்டை இல்ல, ஒரு அழுகை இல்ல. குணவதின்னு நெனைச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனைக்கறேன்.

அடுத்த வாரமே மறுக்கா அந்தக் கம்பெனியில சேந்துட்டா. போன் கோளாறா இருந்துச்சு, இப்பச் செரியாயிருச்சுன்னு எழுதுனாளாமா. என்னையக் காட்டிக் குடுக்கல பாருங்க. அவ அண்ணன் சிவசாமி மட்டும் வந்து குதிச்சான். அவனுக்கும் நான்தான் நியாயத்தச் சொன்னேன், பேட்டரிக் கணக்கு. கடைசியில பேசி முடிச்சது என்னன்னா, உள்ரூம்ல கதவச் சாத்திட்டு அவ வேல செய்யட்டும், காதுல மாட்டிட்டுக் கேக்கற வேல, எடையில கூப்பிட்டா கெட்டுப் போகும். செரி, ஊட்டு வேலைக்கு அவ எத்தன நேரத்துக்கு ஒருக்கா வெளிய வரட்டும்னு மச்சான் கேட்டான். நான் வெளையாட்டா, மணிக்கு ஒருக்கா வந்து எட்டிப் பாத்தாப் போதும்னேன். அவன் சிரிக்கல. அவதான் உடனே சொன்னா, 'செரிங்க, அதையே வச்சுக்கலாம்'னு. நான் வச்ச அளவுதாங்க. பெருந்தன்மையாத்தான் வச்சேன். கடையில இருந்து ஒரு பழைய கீபோர்டும் குடுத்தேன், தட்டுனா தெருவுக்கே கேக்கும், ஆனா ஒழைக்கும்.

அன்னையில இருந்து தப்பறதில்ல. மணி ஆனாக் கதவத் தொறப்பா. 'ஏதாச்சும் வேணுங்களா?'ம்பா. சொல்றத எல்லாம் அப்பவே சொல்லிரோணும். செய்வா, கொறையே வைக்கமாட்டா. கதவச் சாத்திட்டா முடிஞ்சுது. எடையில தண்ணி விக்குனாலும் வரமாட்டா. போன் போட்டா எடுக்கமாட்டா. ஒருக்கா நான் கதவத் தட்டுனேன். உள்ள இருந்து, 'இன்னும் மணி ஆகலீங்க'ன்னு மட்டும் சொன்னா. கோவமா இல்லீங்க. சாதாரணமாத்தான்.

இந்தப் பக்கவாதம் வந்த அன்னைக்குக் கடை லீவு. பத்து மணிக்கு வந்து கேட்டா, ஒண்ணும் வேண்டாம்னேன். கதவச் சாத்துனா. அவ சாத்தவும் நான் பாத்ரூமுக்குப் போனேன். செம்ப எடுத்தா எடது கையில நிக்கல, நழுவுது. என்னடான்னு குனிஞ்சேன், கால் மடங்கிருச்சு. தலை கதவுக்கு வெளிய, ஒடம்பு உள்ள. வாய் கோணிக்கிச்சு. அம்மிணிங்கறேன், அது கொழகொழன்னு என்னமோ மாதிரி வருது, ஆனா சத்தம் வருதுங்க. வலது காலால பக்கெட்ட ஒதைச்சேன். தகரப் பக்கெட்டு, உருண்டு போயி சுவத்துல மோதுச்சு. படுத்துட்டே பாத்தா நேரா அவ ரூம் கதவு. கீபோர்டு சத்தம் கேக்குது, தட தடன்னு.

நான் ஒதைச்சதும் அந்தச் சத்தம் நின்னுச்சு. 

நின்னுச்சுங்க. அப்பாடான்னு கதவையே பாத்தேன். கதவுக்கு அடியில அவ கால் நெழலு வந்து நின்ன மாதிரி இருந்துச்சு. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துச்சு. அப்பறம் நெழலு போயிருச்சு. மறுக்கா தட தடன்னு சத்தம்.

காதுல மாட்டியிருப்பா. அவளுக்குக் கேட்டிருக்காது. ஆடியோவ நிறுத்திட்டுத் தண்ணி குடிச்சிருப்பா, சோம்பல் முறிச்சிருப்பா, எந்திரிச்சு ரெண்டு எட்டு நடந்திருப்பா. ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க, நான் விடறதில்ல. படுத்துக் கெடந்தவன் நான், எனக்குத் தெரியாதது அவங்களுக்குத் தெரிஞ்சுருச்சா?

பதினொண்ணு அடிச்சுது. கதவத் தொறந்தா. என்னையப் பாத்துட்டு நின்னா. 'ஏதாச்சும் வேணுங்களா?'ன்னா. பழக்க தோசம், பாவம். அப்பறந்தான் அண்ணனுக்குப் போன் போட்டு, ஆம்புலன்ஸ் வந்து, இங்க காட்டி, கோயமுத்தூரு கொண்டு போனாங்க. அங்க டாக்டரு சொன்னாரு, ஒரு ஊசி இருக்குதும்மா, நேரத்துக்குள்ள வந்திருந்தாப் போட்டிருக்கலாம், இன்னும் ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டாந்திருந்தாக் கையக் காப்பாத்தியிருக்கலாம்னு. ஊட்டுல யாரும் இல்லையான்னு கேட்டாரு. 'நான் இருந்தனுங்க, மணிக்கு ஒருக்காப் பாத்துட்டுத்தான் இருந்தேன்'னா. அவ சொன்னது நெசந்தான. அவரு நல்ல வேளைம்மான்னாரு.

இப்பவும் அவதான் எல்லாம். குளிப்பாட்டறா, தொடைக்கறா, சோறு பெசஞ்சு வைக்கறா. ஒரு மொகச் சுளிப்பு கெடையாது. எடையில ஈரம் பண்ணிட்டாலும் ஒரு வார்த்தை சொல்லமாட்டா, மணிக்கு வந்து மாத்துவா. எனக்கு ஒரே ஒரு கொறைதான். அந்த ரூம்ல அப்பப்ப டிங்குங்கும். உடனே கீபோர்டு சத்தம் வரும். அதுக்கு மட்டும் அவ ஒரு நிமிஷம் வைக்கறதில்ல. நெரந்தர வேலையும் இப்பக் கெடச்சிருச்சு. மேசையும் போட்டாச்சு.

இந்தாங்க, உங்களுது முடிஞ்சுது. ஒரு மணின்னு வச்சுட்டேன். நாம பேசிட்டு இருக்கறப்பவே வச்சுட்டேன். கேட்டாங்கன்னா சுவரு கனம்னு சொல்லுங்க. உங்களுது புது ஊடுங்களா? அப்ப டவர் கோளாறுன்னு சொல்லுங்க. என்னங்க, மாத்தோணுங்களா? வேண்டாம்னா இப்பவே பழையபடி வச்சுத் தாரேன். மாத்த வேண்டாமா, இப்படியே இருக்கட்டுங்களா? அதான பாத்தேன். காசு வேண்டாம், வைங்க பைக்குள்ள.

கடிகாரம் அடிக்குது பாத்தீங்களா. கதவுச் சத்தம் வரும் பாருங்க. வந்துட்டா.

வா அம்மிணி. இல்ல, ஒண்ணும் வேண்டாம். ஆளு இருக்கறாங்கல்ல. இதா? கஸ்டமர் போன் அம்மிணி. இவரு சம்சாரத்துது. ஆமா, மெயில்தான். ஆமா, ஒரு மணிதான். இல்ல அம்மிணி, எனக்கு ஒண்ணும் வேண்டாம்.

போயிட்டா. மறுக்கா ஒருக்காக் கேப்பான்னு நெனைச்சேன். ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? அவசரந்தான், இல்லைங்கல. அதுக்காக வெளி ஆம்பள முன்னாடி, என்னையக் கூட்டிட்டுப் போ அம்மிணின்னு எப்படிங்க கேக்கறது? ஒரு மருவாதை இல்லீங்களா?

ஏனுங்க, ஒரு ஒத்தாச. இந்தப் பக்கம் என்ற தோளுக்கு அடியில கையக் குடுத்து ஒரு தூக்குத் தூக்குனீங்கன்னா, சுவத்தப் பிடிச்சுட்டு நானே போயிருவேன். அடுத்த மணி வரைக்கும் தாங்காதுங்க. நேரமாச்சுங்களா? சம்சாரம் போனுக்குக் காத்துட்டு இருப்பாங்களா? செரி செரி. நீங்க கெளம்புங்க. நான் அவளையே கூப்பிடறேன். இப்பத்தான உள்ள போனா, இன்னும் காதுல மாட்டியிருக்க மாட்டா.

அம்மிணி! ஏ அம்மிணி!

பாத்தீங்களா, கீபோர்டு நின்னுருச்சு. கேட்டிருச்சு. வருவா பாருங்க.

...

மறுக்கா அடிக்கறா.

கேட்டிருக்காதுங்க. நீங்க போங்க. போறப்ப அந்த முன்கதவ மட்டும் இழுத்துச் சாத்திட்டுப் போங்க, கீழ ஈரமாகுது, ரோட்டுல போறவங்க பாத்தா நல்லா இருக்காது.